கிறிஸ்தவ வாசகர் எழுதும் மதிப்புரை எப்படி இருக்க வேண்டும்?

நண்பரின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரர். நாவல், கட்டுரை நூல் இரண்டும் வாசிக்கிறார். வாசித்ததைப் பற்றி எழுதவும் ஆரம்பித்திருக்கிறார். ஒரு நாவலைப் பாராட்டி எழுதியதும் சபை மூப்பர் ஒருவர், "இவ்வளவு அசிங்கமான பேச்சு இருக்கிற புத்தகத்தை ஒரு விசுவாசி சிபாரிசு பண்ணலாமா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். இலக்கியக் கூட்டத்து நண்பரோ, "நல்லாத்தான் எழுதுறீங்க, கடைசிப் பத்தியில மட்டும் பிரசங்கம் வந்துடுது" என்றிருக்கிறார். கிறிஸ்தவ வாசகராக இருந்து மதிப்புரை எழுதுவது என்று ஒன்று உண்டா, உண்டென்றால் புனைவுக்கும் அபுனைவுக்கும் அதை எப்படிச் செய்வது என்பது கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எதை வாசிக்கலாம் என்பது ஒன்று. வாசித்ததைப் பற்றி எப்படிப் பேசுவது என்பது மற்றொன்று. மூப்பர் கேட்டது முதலாவதை. இலக்கியக் கூட்டத்து நண்பர் குறை சொன்னது இரண்டாவதில். நம் சபை இதழ்களில் வரும் மதிப்புரைகள் பலவும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, கடைசியில் புத்தகத்துக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்து முடித்துவிடுகின்றன. முதல் கேள்வி மனசாட்சி சார்ந்தது, அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். நிறையச் சொல்ல வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான்.

நான் கல்லூரியில் இலக்கியம் கற்பித்தவன். திருச்சபை மாத இதழ் ஒன்றில் நூல் மதிப்புரைப் பக்கத்தையும் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். இறையியல் கல்லூரியில் படித்தவன் இல்லை. கோட்பாட்டு நுணுக்கம் வருகிற இடத்தில் என் பேச்சை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் எப்படி நடக்கும் என்பதைச் சொன்னால் என் கவலை புரியும். 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்று போட்டிருப்போம். வருகிறவற்றில் பெரும்பாலானவை போதகர்களும் ஊழியர்களும் சொந்தச் செலவில் அச்சடித்தவை: பிரசங்கத் தொகுப்பு, சாட்சி நூல், மிஷனரி வரலாறு, கவிதை. இடம் இல்லாவிட்டால் 'வரப்பெற்றோம்' பகுதியில் பெயர், பக்கம், விலை மட்டும் போகும். இடம் இருந்தால் யாராவது ஒருவர் மதிப்புரை எழுதித் தருவார். அதன் கடைசி வரி எப்போதும் ஒன்றே: 'ஒவ்வொரு விசுவாசியின் இல்லத்திலும் இருக்க வேண்டிய நூல்.' எழுதியவர் புத்தகத்தை முழுக்கப் புரட்டியிருக்கக்கூட மாட்டார். நூலாசிரியர் பேராயத்தில் செல்வாக்குள்ளவராக இருப்பார், அல்லது மதிப்புரையாளர் வீட்டுக் கல்யாணத்தை நடத்தி வைத்தவராக இருப்பார். கிறிஸ்தவ வாசிப்புக்கு ஆபத்து நாவலில் வரும் கெட்ட வார்த்தையால் என்று மூப்பர் நினைக்கிறார். நான் பார்த்தவரை, இந்தக் கடைசி வரி அதைவிட ஆபத்தானது.

நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. விசுவாசம் மதிப்புரையாளரிடம் முதலில் கேட்பது, 'பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக' என்ற கட்டளையை. நமக்கு அது ஒன்பதாவது. கத்தோலிக்கருக்கும் லுத்தரன் சபையாருக்கும் எட்டாவது. எந்த எண்ணாக இருந்தாலும், புத்தகம் எழுதியவரும் பிறன்தான். அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவதும், அவருடைய பாத்திரம் சொன்னதை அவர் தலையில் கட்டுவதும் பொய்ச்சாட்சி. லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் இந்தக் கட்டளைக்கு விளக்கம் சொல்லும்போது, பிறனைப் பற்றி நல்லதைப் பேசி அவன் செய்வதற்கு இயன்றவரை நல்ல பொருளே கொள்ள வேண்டும் என்கிறார். நாத்திகர் எழுதிய நூலுக்கு மதிப்புரை எழுத உட்காரும்போது அந்த வரியை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அதே கட்டளை எதிர்ப்பக்கமும் வெட்டும். மோசமான புத்தகத்தை நம்மவர் எழுதியது என்பதற்காக நல்ல புத்தகம் என்று சொல்வது, காசு கொடுத்து வாங்கப்போகிற வாசகனுக்கு விரோதமான பொய்ச்சாட்சி. நீதிமொழிகள் 18-இல், காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும் என்று இருக்கிறது. முழுதாக வாசிக்காமல் மதிப்புரை எழுதாதே என்பதற்கு அதைவிடச் சுருக்கமான விதி வேண்டியதில்லை.

இது புதிய யோசனை இல்லை. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில், தான் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஜெர்மன் மொழியில் குறிப்புரைப் பட்டியல் ஒன்று எழுதினார். எந்த நூல், எதைப் பற்றியது, நடை எளிதா கடினமா, இங்கே மக்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. இன்றைய கண்ணுக்கு அது மதிப்புரைப் பக்கமேதான். அவர் நடுநிலையாளர் கிடையாது. மதம் மாற்ற வந்தவர், அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் நீதிநூல்களை உயர்வாக மதித்து, கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் 1708-லேயே ஜெர்மனில் பெயர்த்தார். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனியிலுள்ள ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்து மிஷன் வேலையைக் கவனித்த பிராங்கே, அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் மிஷனரிகளை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்று அச்சிட மறுத்துவிட்டார். அந்த நூல் அச்சானது 1867-இல், சென்னையில். ஒன்றரை நூற்றாண்டுத் தாமதம். உங்கள் மூப்பர் பேசுவது பிராங்கேயின் குரலில். அந்தக் குரலுக்கும் சபை வரலாற்றில் இடம் உண்டு. ஆனால் புத்தகங்களை வாசித்துப் பார்த்தவர் சீகன்பால்கு.

இனி அபுனைவு. இங்கே வேலை ஒப்பீட்டளவில் தெளிவானது: நூல் சொல்வது உண்மையா, உண்மை என்று எப்படித் தெரியும்? கிறிஸ்தவ மதிப்புரையாளர் இந்தக் கேள்வியை நம் தரப்பு நூல்களிடம்தான் கூடுதல் கண்டிப்போடு கேட்க வேண்டும். காரணம் எளிது. எதிர்த்தரப்பு நூலைச் சோதிக்க நமக்குத் தானாகவே ஆசை வரும். நம்முடையதைச் சோதிக்க வராது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் நடுவே நெடுநாளாகச் சுற்றும் ஒரு வாதத்தையே எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூருக்கு வந்த, இயேசுவின் சீடரான தோமாவின் போதனையைக் கேட்டுத்தான் வள்ளுவர் குறள் எழுதினார், அதனால் குறள் அடிப்படையில் கிறிஸ்தவ நூல் என்று வாதிடும் புத்தகங்கள் இருக்கின்றன. இப்படி ஒன்று மதிப்புரைக்கு வந்தால் என்ன செய்வது? முதலில் அதற்குள் இருக்கும் வெவ்வேறு கூற்றுகளைப் பிரிக்க வேண்டும். தோமா இந்தியாவுக்கு வந்தார் என்பது பழைய மரபு. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த 'தோமா நடபடிகள்' என்ற நூலிலேயே இந்தியா வருகிறது. ஆனால் அந்த நூல் சொல்லும் அரசன் கொண்டோபரஸ் வடமேற்கில் ஆட்சி செய்தவன், அவனுடைய நாணயங்களும் அங்கேதான் கிடைத்தன. தோமா கேரளத்துக்கு கி.பி. 52-இல் வந்தார், மயிலாப்பூரில் 72-இல் மரித்தார் என்பவை தென்னிந்திய மரபு தரும் ஆண்டுகள். மரபை மதிக்கலாம், கல்வெட்டுச் சான்று போல எழுதக் கூடாது. மூன்றாவது கூற்று வள்ளுவருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் தொடர்பு என்பது. மிஷனரியும் தமிழறிஞருமான ஜி.யு. போப் 1886-இல் வெளியிட்ட ஆங்கிலக் குறளின் முன்னுரையில், வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவப் போதகர்களோடு உலாவியிருப்பார் என்று எழுதினார். ஆனால் அதைக் கற்பனை செய்து பார்க்கலாம் என்ற அளவில்தான் அவரே சொன்னார். பின்னால் வந்த நூல்கள் அந்தக் கற்பனையைச் சான்றாக எடுத்துக்கொண்டுவிட்டன. இவ்வளவையும் மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லி, 'இந்நூலின் மையக் கூற்றுக்கு ஆதாரம் இல்லை' என்று முடிக்க வேண்டும். சபையில் சிலருக்கு வருத்தம் வரும். குறளை அப்படி நம் பெட்டியில் போட்டுப் பூட்டுவதால் கிறிஸ்துவுக்கு என்ன மகிமை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சாட்சி நூல்கள் இன்னும் சிக்கல். ஒருவரின் ஆத்தும அனுபவத்தை எப்படிச் சோதிப்பது என்று தயங்குவோம். அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 2004-இல் கார் விபத்தில் சிக்கி நினைவிழந்து கிடந்த ஆறு வயதுச் சிறுவன் பரலோகம் போய்த் திரும்பியதாக, அவன் பெயரையும் தகப்பனார் பெயரையும் போட்டு 2010-இல் ஒரு புத்தகம் வந்தது. நிறைய விற்றது. 2015 ஜனவரியில் அதே பையன், தான் சாகவும் இல்லை, பரலோகம் போகவும் இல்லை, எல்லாரும் கவனிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது என்று பகிரங்கக் கடிதம் எழுதினான். பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. அவனுடைய தாயார் அதற்கு முன்பே அந்தப் புத்தகத்தை மறுத்து வெளிப்படையாக எழுதிக்கொண்டிருந்தார் என்பதுதான் இதில் என்னை உறுத்துகிற செய்தி. தேடியிருந்தால் எந்த மதிப்புரையாளருக்கும் அது கிடைத்திருக்கும்.

ஆகவே சாட்சி நூல் கையில் வந்தால் நான் அனுபவத்தின் மேல் கை வைப்பதில்லை; அதைச் சுற்றியுள்ள சாதாரணச் செய்திகளைப் பார்ப்பேன். எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த மருத்துவமனை என்று இருக்கிறதா, அல்லது 'ஒரு பெரிய மருத்துவமனையில் டாக்டர்கள் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள்' என்று மட்டும் இருக்கிறதா? கூட இருந்தவர்கள் பெயரோடு பேசுகிறார்களா? இரண்டாம் பதிப்பில் அற்புதம் முதல் பதிப்பைவிடப் பெரிதாகியிருக்கிறதா? கடைசிப் பக்கத்தில் ஊழியத்துக்குக் காணிக்கை அனுப்ப வங்கிக் கணக்கு எண் இருக்கிறதா? கணக்கு எண் இருப்பதாலேயே சாட்சி பொய் ஆகாது. ஆனால் வாசகனுக்கு அதைச் சொல்ல வேண்டும். விவரம் எதுவும் இல்லையென்றால் 'சரிபார்க்க வழியில்லாத முறையில் எழுதப்பட்டிருக்கிறது' என்று எழுதலாம். 'பொய்' என்று எழுத எனக்கு உரிமை இல்லை, 'உண்மை' என்று எழுதவும் இல்லை.

வரலாற்று நூல்களிலும் இதே கதைதான். அமெரிக்க அதிபர் ஜெபர்சனைப் பக்திமானாகக் காட்டிய டேவிட் பார்ட்டனின் நூலை 2012-இல் வெளியிட்ட கிறிஸ்தவப் பதிப்பகமே, சில மாதங்களில், அதன் தகவல்களில் நம்பிக்கை போய்விட்டது என்று விற்பனையை நிறுத்தியது. தவறுகளை எடுத்துக்காட்டித் தனி நூலே எழுதியவர்கள் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர்கள் இருவர். வெளியாள் வந்து கண்டுபிடிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. நீதிமொழிகள் 18-இலேயே இன்னொரு வசனம்: தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அவன் அயலானோ வந்து அவனைப் பரிசோதிக்கிறான். அந்த அயலான் வேலைதான் மதிப்புரை.

புனைவுக்கும் அபுனைவுக்கும் நடுவே நிற்கிற நூல்களும் உண்டு. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. தலித் கத்தோலிக்கப் பெண் ஒருவரின் தன்வரலாறு, நாவல் என்றும் சொல்வார்கள். சிறுமி ஒருத்தி பள்ளி விட்டு வருகிற வழியில், தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தை அதன் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணன் விளக்குகிறான்: அவர் கை பட்டால் நாயக்கர் சாப்பிட மாட்டார், அதனால்தான் நூலைப் பிடிக்கிறார். அவ்வளவு வேடிக்கையாக இருந்தது சட்டென்று சகிக்க முடியாததாகிறது. பின்னால் அதே பெண் ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதியையும் வசதியையும் பார்த்து வெளியேறுகிறார். இந்த நூலுக்குக் கிறிஸ்தவ மதிப்புரையாளர் எழுதும்போது கை தானாக ஒரு பக்கம் போகும்: 'ஆனாலும் திருச்சபை செய்த கல்விப் பணியை மறக்கக் கூடாது' என்று. உண்மைதான், மறக்கக் கூடாது. ஆனால் அந்த 'ஆனாலும்' எதற்காக வருகிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். புத்தகம் நம்மைக் கேள்வி கேட்கிறது. நாம் மதிப்புரைக்குள் புகுந்து சபைக்கு வக்காலத்து வாங்குகிறோம். சபையின் பணியைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதுங்கள். மதிப்புரையில் அவர் சொன்னதை அவர் சொன்ன கனத்தோடு வாசகனிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். வெளியிலிருந்து வந்த குற்றச்சாட்டாக இதை ஒதுக்கவும் முடியாது. உள்ளேயிருந்து, ஜெபம் தெரிந்த ஒருவர் எழுதியது.

இப்போது நாவல். மூப்பரின் கேள்வி இங்கேதான் கனமாகிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1559 முதல் 1966 வரை தடைசெய்த நூல்களுக்கு ஒரு பட்டியலே வைத்திருந்தது. நம் சபைகளில் அச்சடித்த பட்டியல் இல்லையே தவிர, வாய்மொழிப் பட்டியல் உண்டு. அதன் அளவுகோல் பெரும்பாலும் எண்ணிக்கை: எத்தனை கெட்ட வார்த்தை, எத்தனை படுக்கையறைக் காட்சி, யார் குடிக்கிறார்கள். இந்த அளவுகோலை வைத்தால் வேதாகமத்திலேயே, மாமனார் மருமகள் உறவைச் சொல்லும் ஆதியாகமத்து யூதா தாமார் கதையும், கூட்டு வன்புணர்வைச் சொல்லும் நியாயாதிபதிகள் 19-ஆம் அதிகாரமும் முதலில் அடிபடும். ஒரு நாவல் பாவத்தைக் காட்டுகிறதா என்பதைவிட, பாவத்தை உண்மையாகக் காட்டுகிறதா என்பதுதான் கேட்க வேண்டியது. அதன் சுவையையும் கூலியையும் இரண்டையும் மறைக்காமல் காட்டுகிறதா? கிருபை வந்தால் அது கதைக்குள்ளிருந்து வருகிறதா, இல்லை கடைசி அத்தியாயத்தில் ஆசிரியர் கையைப் பிடித்து இழுத்து வருகிறாரா?

கிரகாம் கிரீன் 1940-இல் வெளியிட்ட 'த பவர் அண்ட் த குளோரி' நாவலை இதற்கு நல்ல பாடமாகச் சொல்வேன். கிரீன் 1926-இல் கத்தோலிக்கரானவர். 1930-களில் மெக்சிகோவின் ஒரு மாநிலத்தில் குருமார்களை வேட்டையாடிய காலம் கதைக்களம். தப்பி அலைகிற கடைசிக் குரு ஒரு குடிகாரர். ஒரு பெண்ணுக்குக் குழந்தையும் கொடுத்தவர். பிராந்தி வைத்திருந்ததற்காகப் பிடிபட்டு ஓரிரவு இருட்டுச் சிறைக் கொட்டடியில் அடைபடுகிறார். மலநாற்றம், கால் நீட்ட இடமில்லாத நெரிசல். அந்த இருட்டில் ஒரு ஜோடி கூடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கிறது. அங்கே ஒரு பக்திமிக்க பெண்மணியும் இருக்கிறார். வீட்டில் பக்தி நூல்கள் வைத்திருந்ததற்காகக் கைதானவர். அவர் அருவருத்துக் குருவிடம், இதை நிறுத்தச் சொல்லுங்கள் என்கிறார். குருவோ அந்த ஜோடியைக் கண்டிக்க மறுக்கிறார். அந்த இருட்டிலிருக்கும் எல்லார்மீதும் அவருக்கு இரக்கம் பெருகுகிறது. பெண்மணிக்குக் கோபம், உம்மைப் பற்றி ஆயருக்கு எழுதுவேன் என்கிறார். தான் குரு என்பதை அவர் அந்தக் கொட்டடியில் வெளிப்படையாகச் சொல்லியும், தலைக்கு விலை இருந்தும், திருடரும் கொலைகாரரும் அடங்கிய அந்தக் கூட்டத்தில் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

எண்ணிக்கை பார்க்கிற மதிப்புரையில் இந்தக் காட்சி 'ஆபாசம்: ஒன்று' என்று பதிவாகும். ஆனால் அந்தப் பெண்மணி கிட்டத்தட்ட நாம்தான். நல்ல புத்தகங்களுக்காகச் சிறைக்கு வரும் துணிவு உள்ளவர், பக்கத்தில் கிடக்கிறவன்மேல் இரக்கம் இல்லாதவர். லூக்கா 18-இல் ஜெபிக்கப் போய்த் தன்னையே மெச்சிக்கொண்ட பரிசேயனையும், பாவி என்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனையும் அறிந்தவருக்கு இந்தக் கொட்டடியில் நடப்பது உடனே புரியும். கிறிஸ்தவ வாசகர் இந்த நாவலுக்குக் கொண்டுவரக்கூடிய தனி வெளிச்சம் அதுதான். விசுவாசமில்லாத தேர்ந்த விமர்சகருக்குக்கூட அது உடனே தட்டுப்படாமல் போகலாம். கண்ணோட்டம் என்று நீங்கள் கேட்பது இதுதான் என்றால், அது உண்டு. அது தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை, அடையாளம் காணும் இடத்தில் இருக்கிறது.

1953-இல், கோட்பாட்டைக் கண்காணிக்கும் வத்திக்கானின் திரு அலுவலகம் இந்த நாவலைக் கண்டித்து, திருத்தி எழுதச் சொன்னது. கிரீன் நாசூக்காகத் தட்டிக்கழித்தார். 1965-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைச் சந்தித்தபோது, உங்கள் நூல்களில் சில பகுதிகள் சில கத்தோலிக்கர்களை எப்போதும் உறுத்தும், நீங்கள் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார். கண்டன வேலை நடந்த காலத்திலேயே இதே மனிதர், அப்போது வத்திக்கான் செயலகத்தில் இருந்தவர், நாவலுக்காகப் பரிந்து எழுதியிருந்தார் என்பது பின்னாளில் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. ஒரே அலுவலக வளாகத்தில் இரண்டு வாசிப்புகள்.

நாவலில் தகவல் சரிபார்க்க வேண்டியதில்லை என்பது பொதுவிதி. ஆசிரியரே அந்த விலக்கைத் தூக்கி எறிந்தால் கதை வேறு. 2003-இல் வந்த 'த டா வின்சி கோட்' முதல் பக்கத்திலேயே, பிரையரி ஆஃப் சியோன் 1099-இல் தோன்றிய உண்மையான இரகசியச் சங்கம் என்கிறது. அது 1956-இல் பிரான்சில் ஒருவர் பதிவு செய்த அமைப்பு. பழமைக்கு ஆதாரமாகக் காட்டிய ஆவணங்கள் போலி. கி.பி. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் கிறிஸ்துவின் தெய்வத்தன்மை மயிரிழை வித்தியாசத்தில் ஓட்டெடுப்பில் ஜெயித்தது என்று ஒரு பாத்திரம் பேசுகிறது. உண்மையில் அங்கே விசுவாச அறிக்கையில் கையெழுத்திட மறுத்து நின்ற ஆயர்கள் இரண்டே பேர். இவற்றை எழுதுவது மதிப்புரையாளரின் கடமை. 2006-இல் தமிழக அரசு அந்த நாவலை வைத்து எடுத்த படத்தைத் தடைசெய்ததும் சென்னை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியதும் வேறு சங்கதி. அந்த நாட்களில் நாவலைத் தொடாமலே கண்டித்து எழுதியவர்கள் ஏராளம். அவர்கள் எழுதியது அறிக்கை, மதிப்புரை ஆகாது.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி சொல்வதில் உண்டு. தெய்வநிந்தனை போலத் தோன்றுவதை என்ன செய்வது? ஷூசாகு எண்டோவின் 'மௌனம்' 1966-இல் ஜப்பானிய மொழியில் வந்தது. பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் சித்திரவதைக்கு ஆளாகும் விசுவாசிகளைக் காப்பாற்ற, ஒரு சேசு சபைக் குரு கிறிஸ்துவின் முகம் பதித்த தகட்டைக் காலால் மிதிக்க வேண்டும். மிதி என்று கிறிஸ்துவின் குரலே அவருக்குக் கேட்கிறது. அது கிறிஸ்துவா, உடைந்துபோன மனிதனின் சொந்த மனமா? விசுவாசிகளே இரண்டாகப் பிரிந்து நிற்கும் இடம் இது. ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் என் பதில் மாறுகிறது. மதிப்புரையில் ஒரு பக்கம் சாய்ந்து எழுதலாம், ஆனால் நாவல் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பலர் தாண்டிவிடுகிற கடைசி இணைப்பில், அதிகாரி ஒருவரின் வறண்ட நாட்குறிப்பில், அந்தக் குருவின் பிற்கால வாழ்க்கை கிடக்கிறது. அதை வாசிக்காமல் எழுதிய மதிப்புரைகளை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

அதேபோல, எச்சரிக்கைக் குறிப்பு போட வேண்டுமா என்பதிலும் ஒரே பதில் என்னிடம் இல்லை. 1 கொரிந்தியர் 8-இல் விக்கிரகத்துக்குப் படைத்ததைப் பற்றி அப்போஸ்தலர் பவுல் பேசுவது இங்கே பொருந்தும்: எனக்குத் தடை இல்லாதது பலவீனமான சகோதரனுக்கு இடறலாகலாம். குடியிலிருந்து மீண்டவருக்குக் குடியை ருசியாக எழுதிய நாவல் உண்மையாகவே ஆபத்தாக இருக்கலாம். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் புத்தகம் தேடும் தாய் கேட்பது நியாயமான கேள்வி. அதனால், என்ன இருக்கிறது என்பதை மட்டும் அடைமொழி இல்லாமல் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவது என் வழக்கம்: 'இரண்டு இடங்களில் வன்புணர்வு விரிவாக விவரிக்கப்படுகிறது' என்பதுபோல. 'அருவருப்பான' என்று சேர்ப்பதில்லை. யார் வாசிக்கலாம் என்பதை அந்த வாக்கியத்தை வைத்து அவரவர் தீர்மானித்துக்கொள்வார்கள். சிறுவர் நூல்களுக்கு இது போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் நினைக்கிறேன். அங்கே பெற்றோரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நல்ல செய்தி சொல்கிற மோசமான நாவல்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடிகாரன், கன்வென்ஷன் கூட்டம், கண்ணீர், மனமாற்றம், சுபம். நோக்கம் நல்லது என்பதற்காகப் பாராட்டாதீர்கள். அமெரிக்க எழுத்தாளர் பிளானரி ஓ'கானர் தன் மறைமாவட்டப் பத்திரிகைகளுக்கு 1956-இலிருந்து 1964-இல் இறக்கும்வரை நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன மதிப்புரைகள் எழுதினார். பெரிய எழுத்தாளர், சிறிய பத்திரிகை, பெரும்பாலும் பக்தி நூல்கள். அங்கேயும் அவர் பக்தியுள்ள மட்டமான எழுத்துக்குச் சலுகை தரவில்லை. ஒரு பத்தி, இரண்டு பத்தி, அவ்வளவுதான். அளவுக்கும் துணிவுக்கும் அது நல்ல முன்மாதிரி.

கடைசிப் பத்தியில் பிரசங்கம் வருவது பற்றி. வசனத்தை மதிப்புரையின் முடிவில் வைத்தால் அது தீர்ப்பாகிவிடுகிறது. நடுவில், ஒரு காட்சியைப் புரியவைக்க வைத்தால் அது வாசிப்பாகிறது. பவுல் அத்தேனே நகரில் 'உங்கள் புலவர்களிலும் சிலர்' என்று கிரேக்கக் கவிதையைப் பேச்சின் நடுவில்தான் எடுத்தார், அதுவும் ஒரே வரி. எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டு வாசித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அப்படியே அனுப்பிவிடுங்கள். 'நாம்' என்று எழுதிய இடங்களையும் பாருங்கள். 'நாம் ஏற்க முடியாது' என்பதில் அந்த நாம் யார்? சபைக்கு வெளியே இருக்கும் வாசகர் அந்த வார்த்தையிலேயே எழுந்து போய்விடுவார். 'எனக்கு ஏற்க முடியவில்லை, ஏனென்றால்' என்று எழுதினால் உட்கார்ந்து கேட்பார், சண்டையும் போடுவார்.

மூப்பரிடம் கோபப்பட வேண்டாம். அந்த நாவலில் எந்தப் பக்கம் அவரை உறுத்தியது என்று கேட்டு, முடிந்தால் அந்த அத்தியாயத்தை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். வாசிக்காமலே சொன்னார் என்றால் அதுவும் அப்போது தெரிந்துவிடும். எழுதத் தொடங்க என்னிடம் யோசனை கேட்டால், அடுத்ததாக உங்கள் சபைக்காரர் யாராவது எழுதிய ஒரு கட்டுரை நூலை எடுங்கள். அவரை உங்களுக்குத் தெரியும் என்பதையும், புத்தகம் இலவசமாக வந்தது என்றால் அதையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். நல்லது இருந்தால் எந்தப் பக்கம் என்று காட்டுங்கள், தவறு இருந்தால் அதையும் பக்க எண்ணோடு எழுதுங்கள். அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவரிடம் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. வந்த பிறகு ஒரு பிரதியை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.